வெளியே செல்லும் வலி

வாயை வைத்துப் பிழைக்கிறவனுக்கு வாயிலேயே புண் வந்தால் அதைவிட அநியாயம் உண்டா? பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்த நம் ஆளுக்கு வந்தது. அதுவும் எங்கே? நாக்குக்கு அடியில், இடது பக்கம். ழ சொல்லும்போது நாக்கு மடங்கி மேலே போகுமே, சரியாக அந்த மடிப்பில்.

ழ என்றால் அவருக்கு உயிர். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயரே ழகரம். 'பளக்கம்' என்று சொன்ன நிலைய மேலாளரையே, தனக்கு மேலே இருக்கிறவர் என்றுகூடப் பார்க்காமல், நாலு பேர் நடுவில் திருத்திய மனிதர். அன்றிலிருந்து மேலாளர் அவர் எதிரில் ழ வருகிற சொல்லையே எடுப்பதில்லை. வாழ்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில்கூடக் கையை மட்டும் குலுக்கிவிட்டு நழுவிவிடுவார்.

இப்போது நிலையத்துக்கு இயந்திரம் வருகிறது. இனி யாரும் மைக் முன்னால் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்த வேண்டாம். ஒரு தடவை குரலைப் பதிந்து கொடுத்துவிட்டால் அதுவே காலத்துக்கும் பேசிக்கொண்டிருக்கும். ழகரம் ஓய்வு பெறும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. தான் போன பிறகும் தன் குரல் அங்கே நின்று ஜனங்களுக்கு வழி சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசையா அது, வெறி.

அவரை விட்டால் மேலாளருக்குத் தெரிந்த நல்ல குரல் இன்னொன்றுதான் இருந்தது. டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கும் ழகரத்தின் மச்சினன், அவர் மனைவியின் தம்பி. சும்மா சொல்லக்கூடாது, வெண்கலக் குரல். ஆனால் ழ மட்டும் அந்த வாயில் நுழையாது. தினமும் காலையில் வேலைக்குப் போகிற வழியில் அக்கா வீட்டுக்குள் தலையை நீட்டுவான்.

"அக்கா, ஒரு வாளப்பளம் குடேன்."

"வாழைப்பழம்," என்பார் இவர். "நாக்க மடக்குடா."

"வாலப்பலம்."

"மடக்குன்னா நல்லா மடக்கணும். ழ."

"ள."

தலையில் அடித்துக்கொண்டு சட்டையை மாட்டுவார் இவர். வருஷக்கணக்காக இதே கூத்துதான். இவன் குரல் பதிவாகிவிட்டால் 'ஏளாவது நடைமேடை' என்று காலாகாலத்துக்கும் ஊர் கேட்குமே என்று நினைத்தாலே அவருக்குத் தூக்கம் போனது.

அந்த நேரம் பார்த்து ஜலதோஷம் பிடித்தது. பதிவுக்குள் மூக்கு சரியாக வேண்டுமே என்ற பயத்தில், யாரையும் கேட்காமல் சளி மாத்திரையாக வாங்கி விழுங்கினார். மூக்கு நின்றது. கூடவே எச்சிலும் நின்றுவிட்டது. காலையில் எழுந்தால் நாக்கை அண்ணத்திலிருந்து உரித்தெடுக்க வேண்டியிருந்தது. காய்ந்த வாயை நனைக்கக் காபி குடித்தார். காபி இன்னும் காயவைத்தது. அதற்கு இன்னொரு காபி. இப்படி வாயைப் பாலைவனமாக்கி வைத்த பிறகுதான் புண் வந்து சேர்ந்தது.

விஷயம் தெரிந்ததும் நிலையத்தில் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். ஒருவர் தேன் தடவச் சொன்னார். இன்னொருவர் உப்புக்கல்லை அப்படியே வைத்து அழுத்தச் சொன்னார், அதைச் செய்துவிட்டு இவர் நாற்காலியைவிட்டு எழுந்து குதித்ததை இரண்டு பேருந்துகள் தாமதித்துப் பார்த்தன. கொஞ்ச நாள் பேசாமல் இருந்து பாருங்கள், எங்களுக்கும் நிம்மதி என்றார் ஒரு நடத்துநர். கடைசியில் மனைவிதான் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"எங்க வலி?" என்று கேட்டாள் டாக்டர்.

"நாக்குக்குக் கீழே," என்றார் ழகரம், ழவைக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"கீளன்னே சொல்லுங்க, எனக்குப் புரியும்."

அவர் அவளை ஒரு முறை முறைத்தார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தாள். பின்பல் ஒன்று உடைந்து, அதன் கூர்முனை நாக்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது.

"வாய் ஈரமா இருந்தா இவ்வளவு உரசாது. நீங்க மாத்திரையப் போட்டு வாயையும் காயவெச்சிட்டீங்க," என்று சொல்லிக்கொண்டே கூர்முனையை ராவி விட்டாள். "அந்த மாத்திரைய நிறுத்துங்க. தண்ணிய அப்பப்ப கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. வெதுவெதுப்பான தண்ணில உப்புப் போட்டுக் கொப்பளிங்க. உப்புக்கல்ல வெக்கிற வேலையெல்லாம் வேணாம். காரம், புளிப்பு, காபி எல்லாத்தையும் குறைங்க. ரெண்டு வாரத்துல ஆறலன்னா திரும்ப வந்து காட்டணும்."

"நாளைக்குப் பேசணுமே டாக்டர்."

"இந்தக் களிம்ப சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு பொட்டு வெச்சுக்குங்க. மரத்துப்போகும். பேசறதுக்கு முன்னாடி மட்டும் வெக்காதீங்க."

மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்ட காது, அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது.

மறுநாள் மேலாளர் அறையில் பதிவு. ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒலிப்பதிவுக்காரர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவேளை இவருக்கு முடியாமல் போனால் என்று மச்சினனையும் மேலாளர் வரச்சொல்லியிருந்தார். அவனைப் பார்த்ததும் ழகரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழிப்பறைக்குப் போய்க் களிம்பை எடுத்தார். ஒரு பொட்டா வைத்தார் மனிதர்? ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற மாதிரி நாக்கு முழுக்கத் தடவினார்.

வலி போன இடம் தெரியவில்லை. நாக்கும்தான். அது தெரியாமல் அவர் மைக் முன்னால் உட்கார்ந்து, வாழ்நாளில் படிக்காத அழகோடு படித்தார். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டார்.

"குலந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும். பயணிகள் வலியை மறித்து நிற்க வேண்டாம். வெளியே செல்லும் வலி இடப்பக்கம் கீலே உள்ளது."

மேலாளர் கூரையைப் பார்த்தார். மற்றவனாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார். இவர் ழகரமாயிற்றே. இவரே அப்படிச் சொன்னால் அதுதான் சரி போலிருக்கிறது, நாம்தான் இத்தனை நாள் தப்பாகப் படித்துவிட்டோம் என்று வாயை மூடிக்கொண்டார். ஒலிப்பதிவுக்காரர் தமிழ் தெரியாத வெளிமாநிலத்துக்காரர், சத்தம் சரியாக விழுகிறதா என்பதோடு அவர் வேலை முடிந்தது.

"எப்படி?" என்று கேட்டார் ழகரம், பெருமை தாங்காமல்.

மச்சினன் எழுந்தான். எச்சிலை விழுங்கினான். "அத்தான், அது 'வலி' இல்ல. 'வழி'."

ழகரத்தின் காதில் திருத்தம் விழவில்லை, அந்த ழதான் விழுந்தது. முழுசாக, வழுவழுப்பாக, நாக்கு நன்றாக மடங்கி வந்த ழ.

"இன்னொலு தலவ சொல்லு," என்றார், இன்னும் மரத்துக்கொண்டே போன நாக்கால்.

"வழி. குழந்தை. கீழே."

ஒலிப்பதிவுக்காரரிடம் சைகை காட்டிப் பதிவைப் போடச் சொன்னார். வெளியே செல்லும் வலி இடப்பக்கம் கீலே உள்ளது என்றது பெட்டி. தன் புண் இருக்கும் இடத்தைத்தான் ஊர் முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானத்தில் மனிதர் கூனிக் குறுகிப்போனார்.

மச்சினனை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். குழாயில் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினார்.

"எப்பலேந்துடா உனக்கு அது வருது?"

"எப்பவுமே வரும் அத்தான்."

"அப்ப வாளப்பளம்?"

அவன் தலையைச் சொறிந்தான். "அக்காதான் சொன்னா. காலையில ஒரு தடவ என்னத் திருத்திட்டீங்கன்னா, அன்னைக்குப் பூரா வீட்ல வேற யாரையும் திருத்த மாட்டீங்களாம். பிள்ளைங்க நிம்மதியா பேசுமாம்."

அவர் குழாயைத் திறந்தபடியே நின்றார். கோபம்தான் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. இவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்தத் தப்பே பதிவில் நின்றிருக்கும், ஊரே தன்னைப் பார்த்துச் சிரித்திருக்கும். இல்லை, நானே படிக்கிறேன் என்று இவன் சொல்லியிருந்தால் நிலையத்தின் குரலே இவனுடையதாகியிருக்கும்.

"நீயே படிடா," என்றார்.

"அதெல்லாம் வேணாம். கொஞ்சம் பொறுப்போம்." அவன் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். "கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. வலிக்குதா?"

"இல்ல."

தண்ணீரைக் குடித்தபடி இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பேருந்துகள் வந்தன, போயின.

"இப்ப?"

"லேசா."

"இப்ப?"

"அம்மாடி," என்றார் ழகரம், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"அப்ப வாங்க," என்று எழுந்தான் மச்சினன். "ழ வந்துடுச்சு."

அன்று அவர் படித்ததுதான் இன்றுவரை அங்கே ஒலிக்கிறது. ஒவ்வொரு ழவிலும் குரல் லேசாகத் தழுதழுக்கும். எவ்வளவு உருக்கமாகச் சொல்கிறார் பார் என்பார்கள் பயணிகள்.

பதிவுக்கு மறுநாள் காலையில் மச்சினன் வாசலில் நின்றான். உள்ளே வரத் தயங்கினான். அக்கா அடுப்பைவிட்டுத் திரும்பவே இல்லை. பிள்ளைகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துவிட்டு வந்த ழகரம் அவர்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து அவன் முன்னால் நீட்டினார்.

"இது என்னடா?"

அவன் அத்தானின் முகத்தைப் பார்த்தான். "வாளப்பளம்," என்றான் மெதுவாக.

"நாக்க மடக்குடா," என்றார் அவர்.