பெரிய இடி, சின்ன இடி

பின்சக்கரத்து நட்டு துருவேறி இறுகிப்போயிருந்தது. வர்ஷா ஸ்பேனரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, காலால் ஓங்கி மிதித்தாள். நட்டு கிறீச்சென்று இளகியது.

"சேச்சி, அது நம்ம பணியல்லே?" என்றான் ஷிஜோ.

"உன் வேலைதான். ஆனா நீ சாயங்காலம் முடிப்ப. எனக்கு மத்தியானமே வண்டி வேணும்."

கோத்தகிரி மார்க்கெட்டுக்குக் கீழே இருந்தது கூடலூர்க்காரன் ஷிஜோவின் ஒர்க்‌ஷாப். இங்கேதான் வர்ஷா தன் பழைய மாருதியின் ஸ்பிரிங்குகளை கிரைண்டரால் வெட்டி, காரைத் தரையோடு தரையாக இறக்கினாள். வாரமெல்லாம் எஸ்டேட் பேக்டரிக்குத் தேயிலைக் கொழுந்து ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறவளுக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வண்டி. அழகுக்குத்தான் இறக்கினாள். அப்பா அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "காரா இது, கரப்பாம்பூச்சியா?" என்று கேட்டார்.

ஸ்பிரிங் குட்டையானது. ஷாக் அப்சார்பர் பழைய நீளத்திலேயே இருந்தது. குழி வந்தால் உள்ளே இறங்க இடமில்லாமல் அடியில் போய் டங்கென்று மோதும். வர்ஷா அதைப் பொருட்படுத்தியதில்லை. போன மாதம் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தபோதுதான் அந்த மோதல் என்னவென்று தெரிந்தது. புற்று அவர் முதுகெலும்புக்குப் போயிருந்தது. ஒவ்வொரு மோதலுக்கும் அப்பா கருப்புசாமி பல்லைக் கடித்துக்கொண்டு "உம்" என்றார். பேக்டரியில் காலமெல்லாம் தேயிலை மூட்டை ஏற்றி இறக்கிய மனுஷன். அவர் வாயிலிருந்து அப்படியொரு சத்தத்தை அவள் அதற்குமுன் கேட்டதில்லை.

இன்று காலையில் டாக்டர், அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை.

ஆம்புலன்ஸ் பேச்சு வந்ததும் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே கையை ஆட்டினார்.

"அது வேண்டாம் அம்மணி. லைன் வீடுகளுக்குள்ள ஆம்புலன்ஸ் வந்தா பொணம் வருதுன்னுதான் அர்த்தம். எஸ்டேட் கேட்டுகிட்ட வர்றப்பவே பொம்பளைங்க மார்ல அடிச்சுக்குவாளுக. இத்தனை பேரு அழுதாச்சேன்னு அப்பறம் நான் செத்துத்தான் ஆவோணும்."

பக்கத்தில் நின்ற மயில்சாமி சிரித்துவிட்டார். அப்பாவின் கூட்டாளி, எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர். "அப்ப என்ற ஜீப்புல வா கருப்பா. பின்னால நாலு உரமூட்டையப் போட்டா குதிக்காது. மெத்தையாட்டப் போலாம்."

"உன்ற ஜீப்புல ஏறக் காலத் தூக்கோணும். டாக்ஸிக்காரன் கேட்டோட எறக்கி உட்டுட்டுப் போயிருவான். நான் என்ற புள்ள கார்ல முன்சீட்டுல வர்றேன். உக்காந்து வர்றேன். படுத்துட்டு வரமாட்டேன்."

அவர் கேட்டது அது ஒன்றுதான்.

ஒர்க்‌ஷாப்பில் ஷிஜோ பெஞ்சின்மேல் இரண்டு செட் எடுத்து வைத்தான். இரண்டுமே இறக்கின காருக்கென்று வரும் குட்டை ஷாக். ஒன்று சிவப்பு, கேஸ் அடைத்தது. வர்ஷா உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள், அசையவில்லை. இன்னொன்று கறுப்பு, ஆயில். அழுத்தியதும் சத்தமில்லாமல் இறங்கியது.

"பையன்மார் எல்லாம் செவப்புதான் வாங்குறது. காரு ரோட்டைப் பிடிச்சு நிக்கும். ஆனா சின்னக் கல்லுகூட உள்ள உக்கார்ற ஆளுக்குத் தெரியும். கறுப்புல சின்னதொண்ணும் தெரியாது. பெரிய குழி வந்தா அடியில முட்டும்." ஷிஜோ கையைத் துடைத்துக்கொண்டான். "ரெண்டுலயும் இடி உண்டு சேச்சி. சின்ன இடி நூறு வேணுமா, பெரிய இடி ஒண்ணு வேணுமா? அதைச் சொன்னா மதி, போதும்."

"எங்க ரோட்டுல பெரிய இடி எங்கெங்க இருக்குன்னு எனக்கு மனப்பாடம். தெனம் கொழுந்தோட போய் வர்றேன். சின்னதுதான் கணக்கில்லாமக் கெடக்குது. சின்னதை உன் ஷாக் பாத்துக்கட்டும், பெருசை நான் பாத்துக்கறேன். கறுப்பைப் போடு."

ஆஸ்பத்திரி வாசலில் அப்பாவை இரண்டு பேர் தாங்கி முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். வர்ஷா சீட்டைக் கொஞ்சம் சாய்த்து, இடுப்புக்குப் பின்னால் போர்வையை மடித்து வைத்தாள். அதற்குள் மயில்சாமி டிக்கியில் ஒரு அரிசி மூட்டையை ஏற்றியிருந்தார்.

"என்னத்துக்கு மாமா இது?"

"குதிக்காம இருக்கோணும்ல?"

"இது ஜீப்பில்ல. வெயிட்டு ஏத்துனா அடிதான் தட்டும். எறக்குங்க."

"கேளு கருப்பா. நாப்பது வருஷம் வண்டி ஓட்டுனவனுக்கு உன்ற புள்ள பாடம் நடத்துறா."

"நானே வாயத் தொறக்கறதில்ல," என்றார் அப்பா. "எறக்கிப் போடு."

மயில்சாமி மூட்டையோடும் அம்மாவோடும் ஜீப்பில் முன்னால் போனார். அம்மா போய்ச் சுடுதண்ணீர் வைக்க வேண்டும், கட்டிலைச் சன்னலோரம் போட வேண்டும்.

கட்டபெட்டு வரை தார்ரோடு. ஒட்டுப்போட்ட இடங்கள் காருக்குள் தெரியவே இல்லை. அப்பா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கரப்பாம்பூச்சிக்கு ரெக்கை மொளச்சிருச்சாட்ட இருக்குது."

"இப்பத் தெரியுதுங்களா? இதுல ஏற வெக்கமா இருக்குதுன்னீங்க."

"வெக்கந்தான். தேயிலைச் செடி நம்மள விட ஒசரமாத் தெரியுது." அடுத்த வளைவில் மொட்டையாக நின்ற செடிகளைப் பார்த்து, "கவாத்து வெட்டியிருக்கானுக போல," என்றார்.

எஸ்டேட் கேட்டில் வாட்ச்மேன் குனிந்து உள்ளே பார்த்துக் கும்பிட்டான். அப்பா ஒரு விரலை மட்டும் தூக்கினார்.

கேட்டைத் தாண்டினால் கல்ரோடு. வர்ஷா முதல் கியரிலேயே போனாள். மழைத்தண்ணீர் அரித்த பள்ளத்தைச் சக்கரங்களுக்கு நடுவில் விட்டாள். பாலத்தருகே இடப்பக்கச் சக்கரத்தைப் புல்மேட்டில் ஏற்றி இறக்கினாள். தொட்டால் அடிவயிற்றைக் கிழிக்கிற பாறை ஒன்று உண்டு, டிரைவர்கள் அதை ஆனைப்பல்லு என்பார்கள். அதைக் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக, நத்தை மாதிரி தாண்டினாள். டங்கென்ற சத்தம் வரவில்லை. "உம்" என்ற சத்தமும் வரவில்லை.

"பாத்தீங்களாப்பா? ஆனைப்பல்லே தெரியலைல்ல?"

பதில் இல்லை. தூங்கட்டும் என்று நினைத்தாள். அடுத்த குழியையும் அதற்கடுத்த கல்வரிசையையும் தாண்டினாள். ஒரு முனகல்கூட இல்லை. அவளுக்கே சிரிப்பு வந்தது. கறுப்பு சரியான முடிவு.

தண்ணி டேங்க் திருப்பத்தில் வளைத்தபோது அப்பாவின் தலை அவள் பக்கம் சாய்ந்தது. காரை நேராக்கிய பிறகும் அது நிமிரவில்லை.

வர்ஷா பிரேக்கை மிதித்தாள். மூக்கருகே விரலை வைத்தாள். கழுத்தில் வைத்தாள். பிறகு கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தூறலுக்குப் போட்ட வைப்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தது. மேலே லைன் வீடுகளின் புகை தெரிந்தது, யார் வீட்டிலோ ஓடுகிற டிவியின் சத்தம் அங்கேயே கேட்டது. இங்கே ஒரு குரல் கொடுத்தால் போதும். எல்லாரும் ஓடிவருவார்கள். கதவைத் திறந்து, தூக்கி, கம்பளியில் கிடத்தி, தோளில் கொண்டுபோவார்கள்.

அவள் அப்பாவின் தலையை நிமிர்த்தினாள். மப்ளரை மடித்துக் கழுத்துக்கு முட்டுக்கொடுத்தாள். அவர் வாயை மூடிவிட்டாள். சரிந்திருந்த குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டாள். பெல்ட்டை ஒரு பிடி இறுக்கினாள். கண்கள் ஏற்கெனவே மூடியிருந்தன. முதல் கியரைப் போட்டாள்.

லைன் முனையில் ஆட்கள் நின்றார்கள். வர்ஷா நீளமாக ஹாரன் அடித்தாள்.

"வாங்கண்ணோவ்!" என்று கத்தினாள் பக்கத்து வீட்டு வேலாமணி. "ஏனுங்க, மாப்பிள்ளையாட்டமல்ல வந்து எறங்கறீங்க!"

வர்ஷா அப்பாவுக்காகத் தன் கையைத் தூக்கிக் காட்டினாள். கார் ஒரு கல்லையும் தட்டாமல் ஒவ்வொரு வாசலாகக் கடந்து, அவர்கள் வாசலில் நின்றது.

அம்மா தெய்வம்மா இடப்பக்கக் கதவைத் திறந்தாள். "வந்தாச்சுங்க," என்று சொல்லி அவர் கையைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். பிறகு அவருக்கு மேலாக வர்ஷாவைப் பார்த்தாள்.

"எங்க?" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காமல்.

"ஆனைப்பல்லுகிட்டம்மா."

"வலிச்சுதா அவருக்கு?"

"இல்ல. ஒருக்காக்கூட இல்ல."

அம்மா தலையை ஆட்டினாள். அவர் கையை மெல்ல மடியில் வைத்தாள். திரும்பி, எப்போதும் பேசுகிற குரலிலேயே, "மயில்சாமியண்ணா, அந்தக் கட்டிலை வாசலுக்குக் கொண்டாந்துருங்க," என்றாள்.

வேலாமணியின் கை வாய்க்குப் போனது. பின்னால் யாரோ டிவியை நிறுத்தினார்கள்.

மயில்சாமியும் இன்னும் இரண்டு பேரும் குனிந்து, உட்கார்ந்த வாக்கிலேயே அவரைத் தூக்கினார்கள். எடை நீங்கியதும் காரின் இடப்பக்கம் மெல்ல உயர்ந்தது. ஒரே தரம் உயர்ந்து, ஆடாமல் நின்றது. வர்ஷா பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.