எட்டுக் குளிசை

ஐந்து நாள் பயிற்சி முடித்துவந்த சூடு எனக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டாரைப் பறிகொடுத்தவர்களோடு எப்படிக் கதைப்பது என்று சொல்லித்தந்து, நறுவிலிக்குளம் கிளினிக்கில் என்னைத் தொண்டராக விட்டிருந்தார்கள். வந்ததெல்லாம் சண்டை முடிந்து மீள்குடியேறிய சனம். பிறசர் என்கிற இரத்த அழுத்தம் பார்ப்பேன், கதை கேட்பேன். கேட்டதைவிடக் கதைத்ததுதான் கூட.

மார்த்தா அன்ரிக்கு மூன்று மாதமாகப் பிறசர் இறங்கவேயில்லை. வீட்டில் கிடக்கும் குளிசை முழுவதையும் கொண்டுவரச் சொன்னேன். எண்ணினால், மாத்திரையை விழுங்குகிறாரா இல்லையா என்ற உண்மை தெரியும்.

"டினோஜா டொக்டர் இண்டைக்கு என்ர பல்லையும் எண்ணப்போறா" என்று என்னைச் சீண்டினார் வரிசையில் இருந்த அருட்பிரகாசம் ஐயா.

"எண்ண அங்க என்ன கிடக்கு ஐயா?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்ரி சிரிக்கவில்லை. பையைக் கவிழ்த்தார். அன்ரியின் பேரில், பிரிக்காத மூன்று குளிசை உறைகள். நான்காவது பழசு, மடிப்பெல்லாம் கிழிந்தது. மேலே எழுதியிருந்தது: எமிலியானுஸ், 02.03.2009, இரவு ஒன்று, முப்பது குளிசை.

"இவர் ஆர் அன்ரி?"

"என்ர மனுசன். தண்ணி வரிசையில நிண்டவர், அப்பிடியே விழுந்திட்டார். செல்லடியும் இல்லை, துவக்குச்சூடும் இல்லை. ஏனெண்டே தெரியேல்ல. அந்தச் சண்டைக்குள்ள என்ன திகதி, என்ன கிழமை? ரெண்டு வருசமா நினைவுப் பூசை குடுக்க ஒரு நாள் இல்லை பிள்ளை."

உறைக்குள் எட்டுக் குளிசை. எனக்கு மனம் துள்ளியது.

"அன்ரி, நாள் இதுக்குள்ளயே இருக்கு! இருபத்திரண்டு முடிஞ்சிருக்கு. இரண்டாம் திகதி இரவில இருந்து எண்ணினா இருபத்து மூண்டு. அடுத்த நாள் காலமை விழுந்தவர் எண்டா, மார்ச் இருபத்து நாலு!"

அன்ரி என் கையைப் பிடித்து அழுதார். பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"பிழை பிள்ளை. எனக்கும் அதே குளிசைதான். என்ர முடிஞ்சுபோக, ரெண்டு பேரும் இதிலதான் போட்டனாங்கள். முதல் நாளில இருந்தே, இரவில ஆளுக்கு ஒண்டு. எனக்குக் கையில தந்திட்டு, தான் வெளியில போய்ப் போடுறன் எண்டுவார். அவர் போனாப்பிறகு நான் தொடேல்ல."

"அப்ப பதினொரு நாள். பதின்மூண்டாம் திகதி!"

"இல்லை. சூசையப்பர் திருநாளுக்கு ஃபாதர் பூசை வச்சவர். ரெண்டு பேரும் போனனாங்கள்."

அது மார்ச் பத்தொன்பதாம் திகதி. அன்ரி மேசையில் இருந்த எட்டையும் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"அப்ப நீ முதல் சொன்னதுதான் சரி. ஒரு இரவுக்கு ஒண்டுதான் முடிஞ்சிருக்கு."

எட்டையும் உறைக்குள் திருப்பிப் போட்டேன்.

"அவர் போடேல்ல."

கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"பூசைக்கு அந்தத் திகதியை எழுதித் தா பிள்ளை."

மார்ச் 24 என்று எழுதிக் கொடுத்தேன். தன் புது உறைகளில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைப் போட்டா பிறசர் இறங்கும்தானே?"

"ஓம் அன்ரி."

"அவருக்கும் இறங்கியிருக்கும்."