கனத்த தகடும் தட்டை முனையும்

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருத்தங்கல் பெத்தணன் தன் ஃபேன்சி ஸ்டோர் வாசலில் பேபிளேடு போட்டி வைத்தார். டிவியில் அந்தக் கார்ட்டூன் வந்ததிலிருந்து ஊர்ப் பிள்ளைகள் கையிலெல்லாம் இந்தப் பிளாஸ்டிக் பம்பரம்தான். கல்யாணச் சமையலுக்கு வைத்திருந்த அகலமான இரும்பு வாணலிதான் களம். முதலில் நின்றுபோனாலும் தோல்வி, வெளியே எகிறினாலும் தோல்வி. கடைசி ஆட்டம் மட்டும் மூன்று சுற்று.

கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்கள் ஓவியாவும் ஜெபிஷாவும். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பம்பரத்துக்குள் போடும் கனமான தகடு ஒன்றை இருவரும் சேர்ந்து வாங்கி, அதை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் அன்று எல்லோரையும் ஜெயித்திருந்தார்கள். இப்போது ஆள் இரண்டு, தகடு ஒன்று.

"சீட்டுக் குலுக்கிருவமா?" என்றார் பெத்தணன்.

"வேண்டாம் அண்ணாச்சி. அவளே வச்சுக்கிடட்டும்," என்றாள் ஓவியா.

ஜெபிஷாவுக்குச் சுள்ளென்று வந்தது. "ஏட்டி, விட்டுக்குடுக்கிறியா?"

"இல்ல. அது இல்லாமலே ஜெயிப்பேன்."

வாய்ச்சவடால் இல்லை. கனத்த தகடும், ஜெபிஷா அடியில் மாட்டியிருந்த கூர்முனையும் சேர்ந்தால் பம்பரம் நடுவிலேயே நின்று வெகுநேரம் சுற்றும். அதோடு பொறுமைப் போட்டி போட முடியாது. ஓடிப்போய் இடிக்க வேண்டும். லேசான தகட்டைப் போட்டு, பம்பரத்தை ஓடவைக்கும் தட்டை முனையை மாட்டினாள் ஓவியா.

முதல் சுற்றில், பம்பரத்தைச் சுழற்றிவிடும் லாஞ்சரின் பட்டையை முழு வேகத்தில் இழுத்தாள். பம்பரம் வாணலியின் சரிவில் விறுவிறுவென்று ஏறி வெளியே பாய்ந்தது. கூட்டம் சிரித்தது.

"தகடக் கேட்டு வாங்கிக்க!" என்று யாரோ கத்தினார்கள்.

ஓவியா நிமிரவில்லை. முனை சரிதான், கைதான் தப்பு.

இரண்டாம் சுற்றில் லாஞ்சரைக் கொஞ்சம் சாய்த்து, அளவாக இழுத்தாள். பம்பரம் பாதிச் சரிவு வரை ஏறி, வளைந்து இறங்கி நடுவில் மோதியது. மறுபடி ஏறி மறுபடி மோதியது. ஜெபிஷாவின் பம்பரம் நகர்ந்து நகர்ந்து விளிம்பைத் தாண்டி மண்ணில் விழுந்தது.

ஜெபிஷா லேசுப்பட்டவள் இல்லை. கூர்முனையைக் கழற்றிவிட்டு ரப்பர் முனையை மாட்டினாள். இனி எவ்வளவு இடித்தாலும் அவள் பம்பரம் நகராது. ஆனால் ரப்பர் தரையைப் பிடிக்கும், பிடித்தால் வேகத்தைத் தின்னும். இடிப்பவளுக்குத்தான் அது சுவர். காத்திருப்பவளுக்கு?

தட்டை முனையைக் கழற்றிக் கூர்முனையை மாட்டினாள் ஓவியா. அவள் கையைப் பார்த்ததுமே ஜெபிஷாவுக்குப் புரிந்துவிட்டது.

"அடிப்பாவி!"

"ஆரம்பிங்க அண்ணாச்சி."

இரண்டும் இறங்கின. ஒரு முறை உரசி விலகிக்கொண்டன. கனத்த பம்பரம் உறுமிக்கொண்டு சுற்றியது, தளர்ந்தது, தள்ளாடியது, பக்கவாட்டில் சாய்ந்து உருண்டது. லேசானது நடுவிலேயே சத்தமில்லாமல் நின்று சுற்றியது.

"ஜெயிச்சிட்ட தாயி! எடுத்துக்க," என்றார் பெத்தணன்.

"அதுவா நிக்கட்டும் அண்ணாச்சி."

ஜெபிஷா வாணலியைச் சுற்றி வந்து ஓவியாவின் தோளோடு தோள் இடித்துக் குனிந்தாள். இருவரும் அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.