சுவர் அடுப்பின் காற்றுவழி

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை காலை, போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் மர அலமாரிக்குள் பதித்திருந்த மைக்ரோவேவ் அடுப்பு, பால் சூடாகிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. மின்தடை இல்லை, கூடத்தில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அடுப்பு அவ்வாறு நிற்பது அதுவே முதன்முறையும் அல்ல. சற்று ஆறியபின் மீண்டும் இயங்கும். அதனால் நான் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. என் கணவர் கன்னையனுக்கு மறதி நோய். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அவர் எரிவாயு அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்து, வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் ரேஷன் கடையிலிருந்து திரும்பியபோது வீடு முழுவதும் வாயு நிறைந்திருந்தது. மகள் சிவரஞ்சனி திருப்பூரிலிருந்து வந்து, சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்த அடுப்பைப் பதிக்க ஏற்பாடு செய்தாள். புறப்படும்போது என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அம்மா, இதுதான் கடேசி. இதுலயும் ஏதாச்சும் ஆச்சுன்னா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருவேன். அப்ப வந்து எங்கிட்ட ஞாயம் பேசக் கூடாது."

திருப்பூரில் அவள் குடியிருப்பது மூன்றாம் மாடி. முன்பு ஒருமுறை அங்கே தங்கியபோது இவர் சன்னல் சன்னலாகப் போய் மலையைத் தேடினார். "என்னைய எங்க கொண்டாந்து விட்டீக?" என்று கேட்டு அழுதார். சோற்றைத் தொடவில்லை. ஊர் திரும்பி, குரங்கணி மலை கண்ணில் பட்ட பிறகே உண்டார். எனவே அந்த அடுப்பு கெடாமல் இருக்கும்வரைதான் அவருக்கு இந்த ஊர் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அதனால் அதை ஒழுங்காகப் பேணினேன். எதையும் மூடாமல் உள்ளே வைத்ததில்லை. குழம்பு தெறித்து உட்சுவரில் காய்ந்துபோனால் அந்த இடம் கருகத் தொடங்கும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது. நாள்தோறும் எலுமிச்சைத் துண்டு போட்ட தண்ணீரை உள்ளே கொதிக்கவைத்து, ஆவியில் கறை இளகிய பின்பு மெல்லிய துணியால் துடைப்பேன். பிறகு ஈரம் உலரும்வரை கதவைச் சாத்தமாட்டேன். கண்ணாடித் தட்டைச் சூட்டோடு தண்ணீரில் போடுவதில்லை. உள்ளே ஒன்றும் இல்லாமல் ஓட்டுவதில்லை. ஐப்பசி மழையில் இடி கேட்டவுடன் சுவிட்சை அணைத்துவிடுவேன். இவ்வளவு செய்தும் அது நின்றது.

தேனியிலிருந்து பாண்டியராஜ் என்ற மெக்கானிக்கை வரவழைத்தேன். இளைஞன், வந்ததிலிருந்து ஒரு காதில் கைபேசியை வைத்துக்கொண்டே இருந்தான். அடுப்பின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"ஆத்தா, இதுல சமைக்கிறீகளா, இல்ல சாமி கும்புடுறீகளா? கடையில இருக்கும்போதுகூட இவ்வளவு சுத்தமா இருக்காது."

"பேச்சைக் குறைச்சு வேலையைப் பார், தம்பி. போனை முதலில் கீழே வை."

வைத்தான். திருகாணிகளைக் கழற்றி, அடுப்பை அலமாரியிலிருந்து முன்னால் இழுத்தான். பின்னால் கைவிட்டு எதையோ பற்றி இழுத்தான். சாக்குத் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"இது என்ன ஆத்தா கூத்து! சூடு வெளிய போற வழியப் பூராம் அடைச்சு வச்சிருக்கீகளே. எலிக்குப் பயந்தா? உள்ள வெந்துபோயித்தான் அது தன்னால நின்னுக்கிருது. இன்னும் கொஞ்ச நாளு விட்டிருந்தா மெசினு செத்திருக்கும்."

அந்தத் துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரே அகலத்தில் கிழிக்கப்பட்டு, மும்முறை மடிக்கப்பட்டு, ஓரம் உள்ளே செருகப்பட்டிருந்தது. அப்படி மடிப்பவர் எங்கள் வீட்டில் ஒருவரே.

என் கணவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் ஸ்டோர் பார்த்தவர். பறித்த காயை உலர்த்தும் கட்டடத்தைத்தான் மலையில் ஸ்டோர் என்பார்கள். அங்கே வேலை முறை ஒன்று உண்டு. முதலில் சன்னல்களைத் திறந்துவைத்து, காயிலிருந்து கிளம்பும் ஈர ஆவியை வெளியே போகவிட வேண்டும். ஈரம் போனதும் சன்னல்களை மூடி, சந்துகளில் சாக்கைத் திணித்து, சூட்டை உள்ளேயே நிறுத்த வேண்டும். நேரம் தவறினால் காயின் பச்சை நிறம் போய்விடும். நிறம் போனால் விலை போகாது. நான் எலுமிச்சைத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கதவைத் திறந்துபோடும்போது ஆவி வெளியேறுவதை அவர் நாள்தோறும் பார்த்திருக்கிறார். நான் அந்தப் பக்கம் போனதும், அலமாரியின் கீழ்த்தட்டுப் பலகையை நகர்த்திக் கைவிட்டுத் தம் வேலையைச் செய்து முடித்திருக்கிறார்.

பாண்டியராஜ் கூலி வாங்கிக்கொண்டு போனான். சிவரஞ்சனிக்கு நான் தெரிவிக்கவில்லை.

அன்று மாலை அவரை உட்காரவைத்து, சாக்குத் துண்டுகளை முன்னால் வைத்தேன். "இது ஸ்டோர் இல்லைங்க. சமைக்கிற அடுப்பு. இதுக்குக் காத்து வேணும். அடைச்சாக் கெட்டுப்போகும். கெட்டா நாம திருப்பூருக்குப் போகணும்."

அவர் கவனமாகக் கேட்டார். "வெவரம் தெரியாம செஞ்சிட்டேன். இனி தொட மாட்டேன்" என்றார். குரலில் பழைய நிதானம் இருந்தது. நான் நம்பினேன். ஆயினும் கீழ்த்தட்டின் பலகைக்கு ஆணி அடிக்கச் செய்தேன். வீட்டிலிருந்த சாக்குகளை எல்லாம் பக்கத்து வீட்டு ஒச்சம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம், அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு பகலில், அரிசியும் தண்ணீரும் உள்ளே வைத்து ஓடவிட்டு, கொடியில் கிடந்த துணிகளை எடுக்கக் கொல்லைக்குப் போனேன். திரும்பும்போது பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. சமையலறையில் புகை. அலமாரியின் மேற்சந்தில் அவர் பாலித்தீன் பைகளைச் சுருட்டித் திணித்திருந்தார். ஒன்று உருகி அடுப்பின் பின்புறத்தில் வழிந்துகொண்டிருந்தது. அவர் அடுப்புக்கு முன்னால் இரு கைகளையும் விரித்து நின்றார்.

"நகருங்க, அணைக்கணும்."

"ஈரம் போயிருச்சு. இப்பத்தான் சூடு பிடிக்குது. வெளிய போ, பிள்ள. ஸ்டோருக்குள்ள பொம்பளையாளுக்கு என்ன சோலி? செடி நெரைக்குப் போயிக் காயெடு, போ!"

சுவிட்சை நோக்கிக் கை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பற்றி முறுக்கித் தள்ளினார். கதவு நிலையில் முதுகு இடிக்க விழுந்தேன். திருமணமான நாள்முதல் அதுவரை அவர் என்மேல் கைவைத்ததே இல்லை. இருமலோடு எழுந்து, கூடத்துக்கு ஓடி, மெயின் சுவிட்சை இறக்கினேன். பின்பு ஒச்சம்மாளைக் கூவி அழைத்தேன். அவள் வந்து புகையைக் கண்டதும் அவர் தோளைத் தொட்டு, "அண்ணே, வாங்க. வெளிய லோடு ஏத்த ஜீப்பு வந்து நிக்குது. வெரசா வாங்க" என்றாள். அவர் உடனே கூடத்துக்குப் போய்விட்டார்.

புகை அடங்கிய பிறகு ஒச்சம்மாள் என் கையைப் பார்த்தாள். விரல்கள் பதிந்திருந்தன. "மதினி, மகளுக்குச் சொல்லுறீகளா, நான் சொல்லவா?" என்று கேட்டாள்.

"நானே சொல்கிறேன்" என்றேன்.

அடுப்பைத் திறந்து பார்த்தேன். சோறு பாதி வெந்திருந்தது. உட்சுவர் துடைத்தபடியே பளபளத்தது. இத்தனை நாளும் நான் துடைத்ததெல்லாம் அதற்குள்தான். அதற்குப் பின்னால் நடந்தவற்றுக்கு என்னிடம் துணி இல்லை.

மறுநாள் சிவரஞ்சனியிடம் தொலைபேசியில் நடந்ததை வரிசைப்படி கூறினேன்; எதையும் மறைக்கவில்லை. அவள் ஞாயம் பேசவில்லை, அழுதாள். அவரை மட்டும் மதுரையில் ஒரு காப்பகத்தில் சேர்க்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். டிசம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இருவரும் திருப்பூர் செல்வதாக முடிவாயிற்று. அங்கே பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை மகள் அமர்த்துவாள். அதுவரை ஒச்சம்மாள் வீட்டிலிருந்து சோறு வரும். அடுப்பின் இணைப்பைத் துண்டித்தாயிற்று. வீட்டை விற்பதில்லை, வாடகைக்கும் விடுவதில்லை, பூட்டுவது.