எட்டு இல்லாத எண்

பேனரைப் பிரித்ததும் அவளுக்கு முதலில் தன்மீதுதான் சந்தேகம் வந்தது. ‘123456789-ஐ ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான்தான் கை தவறி எட்டைப் போட்டுவிட்டேனா? செல்பேசியில் தான் அச்சுக்கு அனுப்பியதைத் தேடி எடுத்து ஒரு முறைக்கு இரு முறை வாசித்தாள். 12345679. ஏழுக்குப் பக்கத்தில் நேராக ஒன்பது. அதன் பிறகுதான் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

நாளை நடக்கும் கண்காட்சியில் புதிதாக ஆள் சேராவிட்டால் அவள் நடத்தும் மாலை நேரக் கணக்கு வகுப்புக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். அதற்காக அவள் தேடிப் பிடித்த எண் அது. ஒன்பதால் பெருக்கினால் வரிசையாக ஒன்றுகள், பதினெட்டால் பெருக்கினால் இரண்டுகள், இருபத்தேழால் பெருக்கினால் மூன்றுகள். போகிறவர்களை நிறுத்த இது போதும் என்று நம்பியிருந்தாள்.

பேனரைச் சுருட்டிக்கொண்டு அக்கா கணவரின் அச்சுக் கடைக்கு நடந்தாள். வீடும் கடைக்குப் பின்னாலேயே.

“அத்தான், இந்த எட்டு எங்கிருந்து வந்துச்சு?”

“நீ முழுங்கிட்ட, நான் கக்க வச்சேன்,” என்று சிரித்தார். “கணக்கு வகுப்பு பேனர்லயே எட்டைக் காணோம்னா ஊரே சிரிக்கும். மானத்தைக் காப்பாத்தியிருக்கேன், ஒரு நன்றியாவது சொல்லு.”

“பெருக்கிப் பாருங்க.”

கால்குலேட்டரைத் தட்டினார். 1111111101.

“எல்லாம் ஒண்ணு. கடைசிக்கு முன்னால ஒரு முட்டை. அதுக்கென்ன?”

“இப்ப எட்டை எடுத்துட்டுப் போடுங்க.”

111111111. அவர் திரையை அழித்துவிட்டு மறுபடியும் போட்டார். அதேதான் வந்தது.

உள்ளேயிருந்து அக்கா தலையை நீட்டினாள். “ஒரு எட்டுக்குப் போய் ஏன்டி இந்தக் குதி குதிக்கிற? உள்ள வா, டீ போடறேன்.”

“எட்டுக்காக இல்லக்கா. சோப்புக் கம்பெனிக்காரன் தப்புத் தப்பா எழுதிக் குடுத்தாலும் அச்சடிக்கறதுக்கு முன்னால ப்ரூஃப் காட்டிக் கையெழுத்து வாங்காம இவர் ஒரு புள்ளியைக்கூடத் தொட மாட்டாரு. எனக்கு மட்டும் ஏன் காட்டல?”

“வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கும்மா ப்ரூஃப்?” என்றார் அத்தான்.

“வீட்டுப் பொண்ணுன்னா தப்பாத்தான் எழுதியிருப்பாளா? ஏன் இப்படின்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலியே!”

குரல் தெருவரைக்கும் போனது. போகட்டும் என்று விட்டாள். வாடிக்கையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எனக்கும் ப்ரூஃப் போடுங்க.”

“டீ ஆறிடும்டி!”

“வாடிக்கையாளருக்கு உள்ள என்னக்கா வேலை?”

அத்தான் எட்டை எடுத்துவிட்டு ஒரு தாளை அச்சடித்து நீட்டினார். அவள் ஒவ்வோர் இலக்கமாகப் பேனா முனையை வைத்து நகர்ந்தாள். ஏழுக்குப் பிறகு கை ஒரு கணம் நின்றது. இத்தனை கோபத்திலும் அந்தப் பாழாய்ப்போன சந்தேகம் விடவில்லை. ஒன்பதுதான். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

“எட்டு மட்டும் ஏன் ஆகாது?” என்று அவர் இறங்கிய குரலில் கேட்டார்.

“அதைச் சொல்லித் தர்ற இடத்தைத்தான் மூடப் போறாங்க. நாளைக்கு வந்து வகுப்புக்குப் பேர் குடுங்க, சொல்றேன்,” என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமலே.