ரெனேயின் இடது கை

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன மாட்டால் வந்தது. பனி உறைந்த நெடுஞ்சாலையில் வழிமறித்து நின்ற ஒரு கறுப்பு மாட்டை விரட்டப் போய், ஷெரிப் அலுவலக டெபுடி ரெனே ஹோலுப் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. திருடனைத் துரத்தி உடைந்திருந்தாலாவது வெளியே சொல்லிக்கொள்ளலாம். மாடு! அலுவலகத்தில் அவள் தலையைக் கண்டாலே எல்லாரும் ‘ம்மா’ என்று கத்தினார்கள். கட்டுப் பிரித்த பிறகு நடந்த துப்பாக்கித் தேர்வில் அவள் தோற்றாள். அன்றோடு அந்தக் கத்தல் நின்றது. கத்தல் நின்றதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை கடைசி வாய்ப்பு. அன்றைக்கு இரண்டு முறை சுட விடுவார்கள். இரண்டிலும் தோற்றால் பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வரவேண்டியதுதான். வேலை போனால் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மருத்துவக் காப்பீடும் போகும். அவள் கணவன் வேடுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டாயிற்று. காப்பீடு இல்லாவிட்டால் டயாலிசிஸ் இல்லை. அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அதனால் வீட்டிலேயே காலித் துப்பாக்கியோடு பழகினாள். தோட்டாக்களைச் சமையலறை ரொட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கார் நிறுத்தும் அறைக்கு வருவாள். சுவரில் விதைக் கடைக்காரன் கொடுத்த காலண்டர். அதில் ஒரு டிராக்டர். அதன் சக்கரத்தின் நடுப்புள்ளிதான் இலக்கு. வேட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கரண்டியால் ஒரு சட்டியைத் தட்டுவான். சட்டி ஒலித்ததும் அவள் உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, குறிவைத்து, விசையை இழுக்க வேண்டும். டிக். அந்தத் துப்பாக்கியில் தோட்டா இல்லாதபோது ஒரு தடவைதான் விசை வேலை செய்யும். மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடை இடது கையால் பின்னுக்கு இழுத்துவிட்டால்தான் மறுபடி உயிர் வரும். டிக், சரக். டிக், சரக்.

“இந்த வேகத்துல எடுத்தா திருடன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிருவான்,” என்பான் வேட்.

“நீ வாய மூடிட்டு சட்டியத் தட்டு.”

“உப்பில்லாத சூப்பக் குடிச்சுக் குடிச்சு வாய் மட்டுந்தான் மிச்சமிருக்கு. அதையும் மூடணுமா?”

வலி உயிரை எடுத்தது. ஆனாலும் விடவில்லை. வேகம் வந்தது, குறியும் வந்தது. கடைசியில் வேடுக்கே வாய் அடைத்துப்போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை, சரளைக்கல் கொட்டிய சுடுகளம். தேர்வு நடத்துபவர் சார்ஜண்ட் கர்ட் பிரான்ட். பஸ்ஸர் அலறியது. ரெனே உருவிய வேகம் அவளுக்கே ஆச்சரியம். முதல் குண்டு அட்டையின் நடுவில் போய்ப் புதைந்தது. அடுத்த கணம், அவள் சொல்லாமலே, இடது கை பாய்ந்து ஸ்லைடை இழுத்தது. வெடித்த வேகத்தில் தானாகவே உள்ளே ஏறியிருந்த அடுத்த தோட்டா, சுடப்படாமலே வெயிலில் மின்னிச் சரளையில் விழுந்தது. ஐயோ, என்ன இது! மறுபடி சுட்டாள், மறுபடி இழுத்தது. சுட வேண்டியது இன்னும் பாக்கி இருக்கையிலேயே துப்பாக்கி காலியாகி வாயைப் பிளந்தது.

பிரான்ட் குனிந்து தோட்டாக்களைப் பொறுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“சுட்டதுல ஒண்ணுகூடத் தப்பல, ரெனே. ஆனா இதெல்லாம் நீ சுடவே இல்லையே. வீட்டுல காலித் துப்பாக்கியில பழகினியா?”

“ஆமா, சார்ஜண்ட்.”

“ஒவ்வொரு டிக்குக்கும் இழுத்தியா?”

அவள் தன் இடது கையைப் பார்த்தாள். பழகியது துப்பாக்கியை உருவ மட்டும் என்று நினைத்திருந்தாள், பாவி. கை எல்லாவற்றையும் சேர்த்தே கற்றுக்கொண்டுவிட்டது.

“போய்க் காபி குடிச்சிட்டு வா. இன்னும் ஒரு தடவைதான். என்னால அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதும்மா.”

ரெனே தன் வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். இழுக்காதே, இழுக்காதே என்று இடது கையைப் பார்த்துக் கெஞ்சினாள். அந்தப் பக்கம் வேறு யாருக்கோ பஸ்ஸர் அடித்தது. காபி தரையில் கொட்ட, கை துள்ளி எழுந்தது. அவள் அழுதுவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடது கையைப் பின்பக்கமாக இடுப்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் திணித்து, பெல்ட்டை ஒரு துளை இறுக்கினாள்.

“ஒத்தக் கையிலயா?” என்றார் பிரான்ட். “அதுவும் அந்த உடைஞ்ச கையிலயா? பைத்தியமா உனக்கு?”

“ரெண்டு கையிலதான் சுடணும்னு எழுதியிருக்கா, சார்ஜண்ட்?”

பிரான்ட் அவள் பெல்ட்டில் திணித்திருந்த கையைப் பார்த்தார். “இல்ல,” என்று சொல்லி விலகி நின்றார்.

ஒவ்வொரு வெடிக்கும் மணிக்கட்டு கிழிந்துவிடும்போல் வலித்தது. ஒவ்வொரு வெடிக்கும் பெல்ட்டுக்குள் அந்தக் கை திமிறியது. சில குண்டுகள் ஓரமாகப் போயின, இரண்டு அட்டையையே தொடவில்லை. பிரான்ட் துளைகளை ஒரு முறை எண்ணி, பிறகு இன்னொரு முறை எண்ணினார். “மயிரிழையில தேறிட்ட. இனிமே மாடு வந்தா ஒதுங்கிப் போ,” என்றார்.

வீட்டு வாசலில் வேட் எழுந்து நின்றிருந்தான். அவன் கேட்பதற்கு முன்பே அவள் தலையாட்டினாள். “அடிச்சுட்டியா! என் ராசாத்தி!” என்று கத்திக்கொண்டே அவன் சட்டியை எடுத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

இடது கை பாய்ந்து வந்து, வெறுங்காற்றைப் பிடித்து இழுத்தது.

இருவரும் அந்தக் கையையே பார்த்தார்கள். ரெனே நடந்ததையெல்லாம் சொன்னாள். வேட் சட்டியைக் கீழே வைத்தான்.

“திங்கக்கிழமை நான் ரோட்டுல நிப்பேன், வேட்,” என்றாள். “அங்க ஒருத்தன் நெசமாவே துப்பாக்கிய எடுத்தான்னா, இந்தக் கை என்னைக் கேக்காது. சட்டிய எடு. இத மறக்க வைக்கணும்.”

“வலது கை வீங்கிக் கெடக்கு. துப்பாக்கியத் தொட்டேன்னா கொன்னுருவேன்.”

“துப்பாக்கி வேண்டாம். இந்தக் கை சும்மா இருந்தாப் போதும்.”

வேட் சட்டியை எடுக்கவில்லை. கிட்டே வந்து, அவள் இடது கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டான். பிறகு வாயாலேயே “டொய்ங்!” என்றான். அவன் கைகளுக்குள் அது துள்ளியது. அவன் முகம் வெளுத்தது, ஆனால் பிடியை விடவில்லை.

“மறுபடி,” என்றாள் ரெனே.