செப்புத் தகட்டில் இறங்கிய பாரம்

மனைவி இறந்த ஏழாம் மாதத்தில் லிஃப்ட் மெக்கானிக்கின் எடை நூற்று நாற்பது கிலோ ஆனது. உடம்பு பழையபடி ஒல்லியாகவே இருந்தது. அறுபத்தைந்து கிலோ ஆளுக்குத் தைத்த சட்டை தோளில் இன்னும் சரியாகவே பொருந்தியது. மூன்றாம் மாடியில் அவர் நடந்த இடத்திலெல்லாம் டைல்ஸ் விரிசல் விட்டது. டாக்டர் எடை மெஷினை மூன்று முறை மாற்றிப் பார்த்துவிட்டு, இன்னும் இருபது கிலோ ஏறினால் எலும்பு தாங்காது என்றார். வாரம் தவறாமல் இரண்டரை கிலோ ஏறிக்கொண்டிருந்தது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். மனைவி இறந்த அன்று ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே லிஃப்டில் சிக்கிய நான்கு பேரை அவர் ஒன்றரை மணி நேரம் போராடி இறக்கினார். கருவிப் பைக்குள் போன் ஏழு முறை அடித்தது. எடுத்துப் பார்த்தபோது வீட்டில் எல்லாம் முடிந்திருந்தது.

தரைத்தளத்தில் அச்சுப்படப் பட்டறை வைத்திருந்த தங்கை, சிமென்ட் தரை தாங்கும் என்று அவரைத் தன்னிடமே அழைத்து வந்து இரும்பு நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"உன் முகத்த வரையப் போறேன்."

"இதுல என்ன இருக்கு வரைய?"

"எழுந்து ஓட முடியாத ஆளு. எனக்கு வேற என்ன வேணும்?"

செப்புத் தகட்டில் மெழுகு பூசி, அதன்மேல் ஊசியால் அண்ணன் முகத்தைக் கீறினாள். அமிலத் தொட்டியில் போட்டதும் கீறிய இடம் மட்டும் அரித்துப் பள்ளமானது. பள்ளத்தில் மையைத் தேய்த்து நிரப்பி, மேல்பரப்பைத் துணியால் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைப் பொறியின் சக்கரத்தைச் சுற்றினாள். இந்த வேலைக்கே ஒரு வாரம் ஆனது. முதல் பிரதியைத் தகட்டிலிருந்து உரிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. சமையலறைத் தராசில் வைத்தாள், மூன்றரை கிலோ. அதே நேரத்தில் நாற்காலியில் அண்ணன் முதுகை நிமிர்த்தி, "அம்மாடி" என்றார். அவள் தாளின் அடியில் பென்சிலால் 1/20, இருபதில் முதலாவது, என்று எழுதினாள். விடிந்து பார்த்தால் காயப்போட்ட தாள் வெறும் தாளாக ஆடிக்கொண்டிருந்தது. பாரம் அண்ணனிடமே திரும்பியிருந்தது.

மூன்றாம் நாள் முட்டிவலித் தைலம் கொடுக்க மருந்துக்கடைக்காரம்மா வந்தார். லிஃப்டில் சிக்கிய நால்வரில் ஒருவர். தங்கை நடந்ததைச் சொன்னாள்.

"இத நான் எடுத்துட்டுப் போறேன்."

"கனக்கும்க்கா."

"கனக்கட்டும். எங்கள இறக்கிவிட்ட நேரந்தானே அது? அதுல எனக்குப் பங்கு கிடையாதா?"

"வேணாங்க," என்றார் அண்ணன். "அது என்னோடது."

"நீங்க சும்மா இருங்க சார். 'பயப்படாதீங்க, நான் இருக்கேன்'னு அன்னிக்கு வெளியே நின்னு கத்துனீங்களே, நான் வேணாம்னா சொன்னேன்?"

அந்தம்மா வாங்கிய மறுகணம் தாள் கனத்தது. இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு போனார். இம்முறை பாரம் திரும்பவில்லை. அண்ணனின் எடை ஏறுவதும் அன்றோடு நின்றது.

பிறகு மற்ற மூவரும் வந்தார்கள். அவர்களில் இருவர் புதுமணத் தம்பதி. ஆளுக்கொன்று வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். லிஃப்ட் சிக்கிய கட்டடத்தார் வந்தார்கள், எதிர்க் கட்டடத்தார் வந்தார்கள். புண்ணியம் என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் ஒரு சுவர் காலியாக இருந்தது, வாங்கிக்கொண்டார்கள். கடவுளுக்கும் அது போதுமானதாக இருந்திருக்க வேண்டும். இருபதாவதை டாக்டரே வாங்கினார். மெக்கானிக் இப்போது எழுபத்திரண்டு கிலோ.

எழுதிய எண்ணுக்கு மேல் அச்சிடுவதில்லை என்பது அந்தத் தொழிலின் சத்தியம். கடைசிப் பிரதி முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கிழித்துவிட வேண்டும். ஆனால் கணக்கில் சேராமல் ஒன்றைக் கலைஞர் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம். தங்கை எடுக்கவில்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன யோசனை?"

"அன்னிக்கு அண்ணி எனக்கும் ரெண்டு தடவ போன் அடிச்சாங்கண்ணா. கண்காட்சியில இருந்தேன். அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டேன்."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"நீயே நாற்காலிய ஒடச்சுட்டு இருந்த. உங்கிட்ட எப்படிச் சொல்ல?"

அண்ணன் சிரித்தார்; சிரித்தபடியே அழுதார். எழுந்துபோய்ச் சக்கரத்தைத் தானே பிடித்தார். "மை போடு. உனக்கும் ஒண்ணு எடுப்போம்."

அந்தப் பிரதியும் மூன்றரை கிலோ இருந்தது. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதத்தில் முதன்முறையாகத் தன் மூச்சு வயிறுவரை இறங்குவதை உணர்ந்தாள்.

"உங்கிட்ட இன்னும் மூணரை கிலோ மிச்சம் இருக்கு," என்றாள்.

"இருக்கட்டும். அது எம்பங்கு. கோட்டப் போடு."

முகத்தின் குறுக்கே ஊசி போனபோது அண்ணன் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. ஒரு தும்மல் மட்டும் வந்தது.

இப்போது அவர் வேலைக்குப் போகிறார். படங்கள் இருபத்தொரு சுவர்களில் தொங்குகின்றன. சில நாட்களில் ஏதோ ஒரு வீட்டில் படம் வழக்கத்தைவிடக் கனத்து ஆணி வளையும். அந்த வீட்டார் அவருக்குப் போன் செய்து, எதையாவது பேசி, அது லேசாகும்வரை வைக்கமாட்டார்கள். அந்தத் தெருவில் படம் மாட்ட ஆணி கேட்டுப் போனால், சாதாரணப் படமா, மெக்கானிக் படமா என்று கடைக்காரர் கேட்பார். மெக்கானிக் படம் என்றால் நான்கு அங்குல ஆணியாக எடுத்துக் கொடுப்பார்.